கட்டுரை திரும்பி வருகிறதா? எல்லையோரத்திலிருந்து எழுதுகிறவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

கேரளத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினால் கோபாலபுரத்தில் மாநிலம் மாறும், பேச்சு மாறாது. வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி என்று இந்தப் பக்கத்துப் பஞ்சாயத்துகளில் பல வீடுகளில் தமிழ்தான். ஆபீஸ் காகிதம் மட்டும் மலையாளத்தில் வரும். இங்கே உட்கார்ந்துகொண்டு சென்னை, கோவை இணைய இதழ்களுக்கு நான் கட்டுரை அனுப்பத் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. முதல் இரண்டு வருடம் அனுப்பியதெல்லாம் திரும்பின. பாதி திரும்பக்கூட இல்லை.

இப்போது இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கட்டுரையைக் கொண்டுவந்து, "அக்கா, இதுல என்ன குறை?" என்று கேட்கிறார்கள். படித்தால் தமிழ் நன்றாகவே இருக்கும். குறை வேறெங்கோ இருக்கும். தோட்டத்தில் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் உடனே மோட்டாரைக் கழற்ற மாட்டோம். கரண்ட் வருகிறதா, ஃப்யூஸ் போயிருக்கிறதா, ஃபுட்வால்வில் தண்ணீர் நிற்கிறதா என்று வரிசையாகப் பார்ப்போம். கட்டுரையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். உங்களுக்கு என்ன பதில் வந்ததோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்ப் படியுங்கள்.

பதிலே வரவில்லை

எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள் என்று முதலில் பாருங்கள். "தொடர்புக்கு" என்று போட்டிருக்கும் முகவரி பெரும்பாலும் விளம்பரத்துக்கும் புகாருக்கும் உள்ளது. படைப்புகளுக்குத் தனி முகவரி இருந்தால் அது தளத்தின் அடியில் "எங்களுக்கு எழுத", "படைப்புகள் அனுப்ப" என்று எங்காவது ஒதுங்கியிருக்கும். தேடி எடுங்கள்.

அடுத்தது கூகுள் டாக்ஸ் இணைப்பு. அனுமதி திறக்காமல் இணைப்பை அனுப்பிவிட்டால், ஆசிரியர் திறக்கும்போது "அனுமதி கேளுங்கள்" என்று திரை வரும். வேலை நெருக்கடியில் அவர் கேட்க மாட்டார், மூடிவிட்டு அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார். அனுப்புவதற்கு முன் வீட்டில் வேறொருவர் போனில் அந்த இணைப்பைத் திறந்து பாருங்கள். இதனால் மட்டுமே காணாமல் போன கட்டுரைகள் எனக்குத் தெரிந்து நிறைய.

பொருள் வரியில் "கட்டுரை" என்று மட்டும் எழுதாதீர்கள். அவர்களுக்கு வருவதெல்லாம் கட்டுரைதான். "கட்டுரை: மூலத்தறையில் தண்ணீர் திறக்கும் நாள், 1,100 சொற்கள், 4 படங்கள்" என்று எழுதினால் திறக்காமலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கடிதத்தில் நாலைந்து வரி போதும். எதைப் பற்றி, யாரிடம் பேசினீர்கள், ஏன் இப்போது, நீங்கள் எந்த ஊர். நேரில் போய் விசாரித்து எழுத வேண்டிய விஷயமாக இருந்தால் கட்டுரையை முழுசாக எழுதும் முன்பே இந்தக் கடிதத்தை அனுப்பிக் கேட்கலாம். சொந்த அனுபவக் கட்டுரையை முழுசாகத்தான் அனுப்ப வேண்டும், அதைச் சுருக்கிச் சொன்னால் உயிர் போய்விடும்.

எல்லாம் சரியாக இருந்தும் பதில் இல்லையா? இரண்டு வாரம் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். ஒரு மாதம் ஆனால் "இதை வேறு இதழுக்கு அனுப்புகிறேன்" என்று மரியாதையாக எழுதிவிட்டு அனுப்புங்கள். ஒரே கட்டுரையை ஒரே நாளில் நாலு பேருக்கு அனுப்பி, இரண்டு இடத்தில் வெளியானால் இரண்டு கதவும் சாத்திக்கொள்ளும்.

பண்டிகைக் கட்டுரை தனி விஷயம். ஓணத்துக்கு இங்கே பூ வந்து இறங்குவதை எழுதி, திருவோணத்துக்கு நாலு நாள் முன்பு அனுப்பினால் யாருக்கும் பயனில்லை. அந்த வாரத்துக்கான பக்கங்கள் அதற்குள் நிரம்பியிருக்கும். ஐந்து வாரம் முன்பே யோசனையைச் சொல்லிவிடுங்கள். படம் பிறகு வரும் என்று குறிப்பிட்டால் ஏற்றுக்கொள்வார்கள்.

"எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது"

இது டிடிபி கடையில் தட்டச்சு செய்து வாங்கும் பெரியவர்களுக்கு அதிகம் வருகிறது. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகத்தான் தெரியும். யூனிகோடில் அனுப்ப வேண்டும். 2010இலேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

மாற்றிய பிறகுதான் கவனம் வேண்டும். "கௌரவம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சரியான வடிவில் "கௌ" என்பது க என்ற எழுத்தும் ஔகாரக் குறியும் சேர்ந்தது. மாற்றும்போது பல சமயம் அது "கெ" என்றும் தனியாக "ள" என்றும் உடைந்துவிடும். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கர்சரை "கௌ" முடியும் இடத்தில் வைத்து பேக்ஸ்பேஸை ஒரு தடவை தட்டுங்கள். "க" மட்டும் நின்றால் சரி. "கெ" நின்றால் உள்ளே இருந்தது ள. தேடுபொறிக்கு அது வேறு சொல், பார்வையற்றவர்களுக்குப் படித்துக் காட்டும் மென்பொருளும் "கெளரவம்" என்றே படிக்கும். கால் (ா) வாங்கும் இடத்தில் ர வந்திருக்கிறதா என்றும் இதே மாதிரி பாருங்கள்.

போனில் பேசித் தட்டச்சு செய்கிறவர்களுக்கு வேறொரு பொறி. "பாளை சீவினார்" என்று சொன்னால் "பாலை சீவினார்" என்று விழும். தென்னம்பாளை பாலைவனமாகிவிடும். ல, ள, ழ வருகிற சொற்களை மட்டும் தேடி ஒரு சுற்று வாசியுங்கள்.

"நன்றாக இருக்கிறது, ஆனால் எங்களுக்குப் பொருந்தாது"

அதிகம் பேரைச் சோர வைக்கிற பதில் இதுதான். இதைப் படித்துவிட்டு எழுதுவதையே விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

போன வருடம் ஒரு தம்பி கள் பற்றி எழுதிக்கொண்டு வந்தார். மூன்று இதழ்கள் இதே பதிலைச் சொல்லியிருந்தன. கட்டுரை இப்படித் தொடங்கியது: "கடவுளின் தேசம் என்று அழைக்கப்படும் கேரளம் இயற்கை எழில் கொஞ்சும் மாநிலம். இங்குக் கள் ஒரு பாரம்பரியப் பானமாகும்." பிழை இல்லை. ஆனால் இந்த இரண்டு வரியைக் கேரளத்துக்கே வராத ஒருவர் அண்ணாநகரில் உட்கார்ந்து எழுத முடியும். அப்படி எழுதக்கூடியவர்கள் அந்த ஆபீஸிலேயே இருக்கிறார்கள்.

"உனக்கு எப்படிப்பா இதெல்லாம் தெரியும்?" என்று கேட்டேன்.

"அப்பா மரம் ஏறறவருதானேக்கா. நாளுக்கு மூணு தடவை ஏறுவாரு."

கட்டுரையில் அப்பாவே இல்லை. சொந்த வீட்டை எழுதினால் கட்டுரையாகாது என்று நினைத்திருக்கிறார். அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் குறித்துக் கொடுத்தேன். புதிய தொடக்கம் இது:

"விடிவதற்கு முன் அப்பா ஏறும் முதல் தென்னை எங்கள் வாசலுக்கு நேரே நிற்கிறது. இடுப்பில் கத்தி, கூடவே பாளையைத் தட்ட ஓர் எலும்பு. அந்தத் தட்டல் சத்தம் கேட்டுத்தான் நான் எழுந்து பழகினேன். அப்பா இறக்கிய கள், நான் இதுவரை பார்க்காத எர்ணாகுளத்துக்கு வண்டியேறிப் போய்விடும்."

இதற்குப் பிறகு தகவல் வந்தால் வாசகர் வாங்கிக்கொள்வார். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்துத் தோப்புகளிலிருந்து கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போகிறது. வண்டிக்கு எக்சைஸ் பெர்மிட் வேண்டும். தமிழ்நாட்டில் 1987இலிருந்து கள் இறக்கத் தடை இருக்கிறது. கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கம் தொழில், அந்தப் பக்கம் குற்றம், இரண்டு பக்கமும் அதே தென்னை. தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் கேள்வி இருக்கிறது, அதனால் கட்டுரைக்கு இடமும் இருக்கிறது. நாலாவதாக அனுப்பிய இதழ் எடுத்துக்கொண்டது.

ஆகவே இந்தப் பதில் வந்தால் உங்கள் முதல் பத்தியை எடுத்து, இதை வேறு ஊர்க்காரர் எழுதியிருக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் அந்தப் பத்தி போக வேண்டும். பல கட்டுரைகளில் உண்மையான தொடக்கம் மூன்றாவது பத்தியில் காத்திருக்கும். மேலே இருக்கும் இரண்டையும் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்.

தொடக்கம் நன்றாக இருந்தும் இந்தப் பதில் வந்தால், இதழைத் தப்பாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அந்தத் தளத்தில் கடைசியாக வந்த பத்துக் கட்டுரைகளைப் படியுங்கள். "நான்" என்று எழுத விடுகிறார்களா, நீளம் எவ்வளவு, வெளியாட்கள் பெயர் வருகிறதா அல்லது எல்லாம் ஊழியர்களே எழுதுகிறார்களா என்று பாருங்கள். ஊழியர்களே எழுதும் தளத்துக்கு எவ்வளவு நல்ல கட்டுரை அனுப்பினாலும் பயனில்லை.

"வாசகருக்குப் புரியாது"

இது நம் பக்கத்துக்கே உரிய கோளாறு. நமக்குத் தெரியாமலே மலையாளம் தமிழ் வேஷத்தில் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. மலையாளச் சொல் என்று பளிச்சென்று தெரிந்தால் நாமே எடுத்துவிடுவோம். தமிழிலும் இருக்கிற சொல்தான் சிக்கல். "கால்வாயில் வெள்ளம் வந்ததும் எல்லோருக்கும் சந்தோஷம்" என்று நான் ஒருமுறை எழுதினேன். மலையாளத்தில் வெள்ளம் தண்ணீர், தமிழில் பெருவெள்ளம். ஊருக்குள் வெள்ளம் புகுந்தால் ஏன் சந்தோஷப்படுகிறார்கள் என்று ஆசிரியர் போன் செய்து கேட்டார். அவர் கேட்டது நல்லதாயிற்று. "அவசரம்" என்பதும் அப்படித்தான். மலையாளத்தில் அதற்கு வாய்ப்பு என்று பொருள். "எனக்குப் பேச ஒரு அவசரம் தந்தார்கள்" என்று எழுதினால் சேலத்தில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

ஆபீஸ் பெயர்களுக்கு வேறு வழி. கிருஷி பவன் (விவசாய ஆபீஸ்), அக்ஷயா (இணையச் சேவை மையம்), குடும்பஸ்ரீ (பெண்கள் குழு அமைப்பு), சப்ளைகோ எல்லாம் நமக்கு அன்றாடம். இவற்றை நீக்க வேண்டாம், அவைதான் கட்டுரையின் மண். முதல் தடவை வரும்போது அந்த வாக்கியத்துக்குள்ளேயே விளக்கிவிடுங்கள். "சப்ளைகோவில் நெல் போட்டு, பிஆர்எஸ் வாங்கி பேங்க்கில் கொடுத்தோம்" என்பது தஞ்சாவூர் விவசாயிக்குப் புரியாது. இப்படி எழுதலாம்: "எங்கள் நெல்லைக் கேரள அரசின் சப்ளைகோ நிறுவனம் எடுத்துக்கொண்டு ஒரு ரசீது தரும். பிஆர்எஸ் என்று சொல்வோம். அதை வங்கியில் காட்டினால் நெல்லுக்கான பணம் எங்கள் பெயரில் கடனாக வரும், கடனை அடைக்க வேண்டியது அரசு." இதைப் படித்ததும் அவர் தன் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், கடன் என்ற சொல்லில் நிற்பார். அங்கேதான் உங்கள் கட்டுரை வேலை செய்யத் தொடங்குகிறது.

பயந்துபோய் எல்லாவற்றையும் செய்தித்தாள் தமிழாக்கிவிடாதீர்கள். மேற்கோளுக்குள் "வெச்சிருக்கறமுங்க" என்றே இருக்கட்டும். வெளியே உங்கள் வாக்கியம் எழுத்துத் தமிழில் நின்றால் போதும்.

"இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?"

இந்தக் கேள்வி வந்தால் மகிழ்ச்சியடையுங்கள், கட்டுரையைப் போட நினைக்கிறார்கள். பதில் கைவசம் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும்.

தண்ணீர் பற்றி எழுதும்போது இது கட்டாயம் வரும். தமிழ்நாடும் கேரளமும் ஆற்று நீரைப் பகிர்ந்துகொள்ளும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29இல் கையெழுத்தானது, 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்று எழுதப்பட்டது. அதன்படி கேரளத்தின் சித்தூர்ப்புழை ஆற்றுப் பாசனத்துக்கு வருடத்துக்கு 7.25 டிஎம்சி. இதை டீக்கடையில் ஏழு என்பார்கள், கூட்டத்தில் ஏழரை என்பார்கள். கட்டுரையில் 7.25 என்று இருக்க வேண்டும், அது ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று நீங்கள் சொல்ல முடிய வேண்டும். கட்டுரையோடு தனித் தாள் ஒன்று அனுப்புங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எந்த ஆவணம், ஒவ்வொரு மேற்கோளுக்கும் யார், எந்தத் தேதி, எங்கே பேசினார் என்று அதில் இருக்கட்டும். வெளியிட அல்ல, ஆசிரியர் சரிபார்க்க.

இன்னொன்றும் எல்லையோரத்துக்காரர் மறக்கக் கூடாது. கேரளப் பக்கத்து மூலத்தறை வாய்க்காலில் நின்று மட்டும் எழுதினால் "தமிழ்நாடு தண்ணீர் தரவில்லை" என்று முடியும். ஆழியாறு பாசனத்துக்காரரிடம் மட்டும் கேட்டால் "கேரளத்துக்குக் கொடுத்தே நம்ம தோப்பு காயுது" என்று முடியும். இரண்டு பக்கமும் போய்க் கேட்க நமக்கு ஒரு பஸ் டிக்கெட் போதும். சென்னையிலிருந்து வருகிற நிருபருக்கு அந்த வசதி இல்லை. இரண்டு பக்கத்து விவசாயியும் பேசாத தண்ணீர்க் கட்டுரையை ஓர் ஆசிரியர் திருப்பி அனுப்பினால், அவர் செய்தது சரி.

"இது முன்பே வெளியாகியிருக்கிறதே" அல்லது "இதை நீங்கள்தான் எழுதினீர்களா?"

ஃபேஸ்புக்கில் போட்டதும் வெளியானதுதான். பல இதழ்கள் அதை எடுக்காது. நல்ல விஷயம் தோன்றினால் முதலில் இதழுக்கு அனுப்புங்கள், பதிவு பிறகு போடலாம். போட்டுவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி இப்போது அதிகம் வருகிறது. இயந்திரம் எழுதிய கட்டுரைகள் குவிவதால், வழவழவென்று பொதுவாகப் பேசுகிற எதைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிறார்கள். கோபப்பட வேண்டாம். கையெழுத்துக் குறிப்பு, எடுத்த படங்கள், பேசிய ஒலிப்பதிவு இருந்தால் காட்டுங்கள்.

வெளியானது, ஆனால் ஊரே மாறிவிட்டது

சித்தூர் என்று நான் எழுதிய ஒரு கட்டுரை, "ஆந்திர மாநிலம் சித்தூரில்" என்ற முன்குறிப்போடு வெளிவந்தது. தமிழில் இரண்டு ஊருக்கும் ஒரே எழுத்து. சென்னையில் இருப்பவருக்குச் சித்தூர் என்றால் வேலூர்ப் பக்கம்தான் ஞாபகம் வரும். அன்றிலிருந்து முதல் தடவை "பாலக்காடு மாவட்டம் சித்தூர்" என்று முழுசாக எழுதுகிறேன். மீனாட்சிபுரம் என்ற பெயரில் எத்தனை ஊர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆந்திரச் சித்தூரிலிருந்தும் குப்பத்திலிருந்தும் தமிழில் எழுதுகிறவர்கள் இதையே திருப்பிச் செய்ய வேண்டும். தவறு வந்துவிட்டால் அன்றைக்கே திருத்தம் கேளுங்கள். இணையத்தில் ஐந்து நிமிட வேலைதான் அது.

படத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள்

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது மெயிலில். அகலம் 1,200 பிக்சலாவது இருக்கட்டும், படுக்கை வசமாக எடுங்கள். யார், எங்கே, எப்போது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. முகம் தெரிகிறவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கூகுளில் எடுத்த படம் வேண்டவே வேண்டாம்.

வெளியானது, பணம் வரவில்லை

ஏற்றுக்கொண்டோம் என்று மெயில் வந்த அன்றே, சன்மானம் உண்டா, எவ்வளவு, எப்போது என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். இதில் கூச்சப்பட எதுவும் இல்லை. சிற்றிதழ் தளங்கள் பல பணம் தருவதில்லை, அதை முன்பே தெரிந்துகொண்டு மனமுவந்து எழுதுவது வேறு.

பணம் உண்டு என்று சொல்லியும் நின்றால் ஆசிரியரைத் தொந்தரவு செய்வதற்கு முன் உங்கள் பக்கத்தைப் பாருங்கள். பில் அனுப்பினீர்களா? புனைபெயரில் எழுதியிருந்தால் பில்லில் வங்கிக் கணக்கில் உள்ள பெயர் இருக்கிறதா? நம் பக்கத்தில் பலருக்கு ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் இனிஷியல் விரித்து வேறொரு பெயர். கணக்குப் பிரிவில் அங்கேதான் நிற்கும். பான் எண்ணும் வேண்டும். ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் தருவது 50,000 ரூபாயைத் தாண்டினால், தொழில்முறைக் கட்டணமாகக் கணக்கு எழுதுகிறவர்கள் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். பான் தரவில்லையென்றால் அது 20 சதவீதம். பிடித்த தொகை உங்கள் பெயரில் வருமான வரிக் கணக்கில் பதிவாகும். வரி கட்ட வேண்டிய அளவு வருமானம் இல்லையென்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம்.

கடைசியாக, கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாள் வந்தால் படிக்காமல் போடாதீர்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதுகிறவரின் கட்டுரை முதலில் அவருக்கே சொந்தம். உரிமையை மாற்றித் தர எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். எத்தனை வருடம் என்று அதில் இல்லையென்றால் ஐந்து வருடம், எந்த நாடு என்று இல்லையென்றால் இந்தியா மட்டும். "எல்லா உரிமையும் என்றென்றைக்கும்" என்று இருந்தால், "இணையத்தில் முதலில் வெளியிடும் உரிமை மட்டும் தருகிறேன், புத்தக உரிமை என்னிடம் இருக்கட்டும்" என்று எழுதிக் கேளுங்கள். நான் கேட்ட மூன்று இடத்தில் இரண்டு இடம் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தது. மூன்றாவது இடத்துக்கு அந்தக் கட்டுரையை நான் தரவில்லை, பெரியவர்கள் சொன்ன ஏரிக் கதைகள் அதில் இருந்தன, அவை எனக்குப் புத்தகத்துக்கு வேண்டும்.